கடனாக வந்த மேகமும் உடும்பு சொன்ன ‘இல்லை’யும்

உடங்காட்டின் கிழக்கு மூலையில் ஒரு கரையான் புற்று இருந்தது. அதன் மேல் காத்தாயி என்கிற உடும்பு வயிறு ஒட்டப் படுத்திருந்தாள். வெயில் சுள்ளென்று ஏறிக்கொண்டிருந்தது. அவள் அசையவில்லை. புற்றுக்குள்ளே அவள் இட்ட பதினோரு முட்டைகள் இருந்தன. தன் முதுகு பொரிந்தாலும் பரவாயில்லை, உள்ளே சூடு இறங்கக் கூடாது. அவள் கவலையெல்லாம் அதுதான்.

போன வருடம் இட்ட முட்டைகள் காய்ந்து போயின. அதற்கு முந்தின வருடமும் அப்படியே. உடங்காட்டில் நல்ல மழை பெய்து அத்தனை நாளாகிவிட்டது. உடைமரங்களில் முள் இருந்தது, இலை இல்லை. முயல்களில் பாதிப் பேர் மலைப்பக்கம் பிழைக்கப் போய்விட்டார்கள். காத்தாயிக்கு வயதாகிவிட்டது. இந்த முட்டைகளும் போனால் இனி முட்டை கிடையாது. ஆவணி மாதம் அவை பொரிகிற வரைக்கும் புற்றுக்குள் ஈரம் இருந்தாக வேண்டும்.

அப்போதுதான் அவள் அதைப் பார்த்தாள். மேற்கே இருந்து ஒரு வண்ணநாரை மெல்லப் பறந்து வந்தது. அதன் காலில் ஒரு சிலந்தி நூல் கட்டியிருந்தது. நூலின் மறுமுனையில் ஒரு மேகம்! சந்தைக்குப் போகிற பசுவைப் போல அது நின்று நின்று, அசைந்து அசைந்து, பின்னாலேயே வந்தது. அதன் நிழல் பட்ட இடத்தில் வண்டுகள் கூட ரீங்காரத்தை நிறுத்திவிட்டன. காத்தாயி கண்ணை ஒரு முறை மூடித் திறந்தாள். கனவில்லை. நிழல் அவள் மேலும் வந்து விழுந்தது. எத்தனை குளிர்ச்சி!

காடே கூடிவிட்டது. முன்னால் வந்து நின்றவர் ஓணான் வேலப்பன். அவர்தான் உடங்காட்டுக்குத் தலைவர். யார் என்ன சொன்னாலும் தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே கேட்பார். அது ஓணான் பிறவிக் குணம். அதற்காக அவரைக் கோபித்துக்கொள்ள முடியுமா?

“என் பெயர் நீலமேகம். மலைமேல் இருக்கிற மேகக் கிடங்கிலிருந்து வருகிறேன்” என்றது நாரை.

“கிடங்கா? மேகத்துக்கு எதுக்கு ஐயா கிடங்கு?” என்று கேட்டாள் கௌதாரி பேச்சி. அவளுக்கு எதையும் கேட்டுத் தெரிந்துகொண்டால்தான் தூக்கம் வரும்.

நாரை பொறுமையாகச் சொன்னது. மலையில் ஏழு பச்சைக் காடுகள் இருக்கின்றன. அங்கே விடியற்காலையில் மரத்துக்கு மரம் பனி தொங்கும். ஒவ்வொரு காடும் தன் பனியில் ஒரு பிடியைக் கொண்டுவந்து ஒரு குகையில் சேர்க்கும். அதிகம் சேர்த்த காட்டின் பேச்சுக்கு அங்கே அதிக மதிப்பு. குறைவாகச் சேர்த்த காடு கொஞ்சம் தள்ளித்தான் உட்காரும். சேர்ந்த பனியைத் திரட்டி மேகமாக்கி, காய்ந்த காடுகளுக்குக் கொடுப்பார்கள்.

“சும்மாவா?” என்றாள் பேச்சி.

“சும்மா இல்லை. கடன்.”

அந்தச் சொல்லைக் கேட்டதும் கூட்டம் பின்வாங்கியது. கடன் என்றால் உடங்காட்டுக்கு ஆற்றங்கரை நரியைத்தான் தெரியும். அவன் ஊற்றில் ஒரு வாய் தண்ணீர் குடித்தால் பதிலுக்கு ஒரு குஞ்சைக் கேட்பான். பேச்சி அப்படி இரண்டு குஞ்சுகளைக் கொடுத்தவள். அவள் முகம் வாடிவிட்டது.

நாரை அவசரமாகக் கையை, இல்லை, இறக்கையை ஆட்டியது. “நரிக் கடன் இல்லை அம்மா. ஏழு வருடம் நீங்கள் ஒன்றுமே திருப்ப வேண்டாம். முதலில் உங்கள் மரம் வளரட்டும். வளர்ந்த மரம் தானாகவே பனி விடும். அந்தப் பனியில் பத்தில் ஒரு பங்கை மலைக்கு அனுப்பினால் போதும். நான் பறந்து வருகிற செலவுக்கு ஒரே ஒரு சொட்டு கூடுதலாகக் கொடுங்கள்.”

“இவ்வளவு நல்லவங்க, தானமாவே குடுத்துரலாமே?” என்றாள் பேச்சி.

“தானமாகக் கொடுத்தால் உங்கள் காடு நனையும், அத்தோடு சரி. நீங்கள் திருப்பி அனுப்புகிற பனி இன்னொரு மேகமாகும். உங்களைப் போலவே காய்ந்து கிடக்கிற இன்னொரு காட்டுக்குப் போகும். நான் இழுத்து வந்திருக்கிறேனே, இதுகூட எப்போதோ காய்ந்து கிடந்த ஒரு காடு திருப்பி அனுப்பிய பனிதான்.”

எல்லோரும் அண்ணாந்து மேகத்தைப் பார்த்தார்கள். அது யாரையும் பார்க்காமல் மெல்லச் சுருண்டு சுருண்டு விரிந்தது. எந்தக் காட்டின் விடியற்காலையோ என்று காத்தாயி நினைத்தாள்.

நாரை சிறகுக்குள்ளிருந்து ஒரு ஓலையை எடுத்தது. அதில் ஒரு குளம் வரைந்திருந்தது. வட்டமான, அழகான குளம். நாரையின் சொந்தக் காட்டில் இருக்கிற குளம் அப்படித்தான் இருக்கும். நாரையின் பார்வை இங்கும் அங்கும் ஓடி, காட்டின் நடுவில் இருந்த வெட்டவெளியில் நின்றது. மரமில்லை, புதரில்லை, யார் வளையும் இல்லை. யாரையும் கிளப்பாமல் குளம் வெட்டலாம். நாரைக்குப் பரம சந்தோஷம்.

“இந்த இடத்தில் தண்ணீர் நன்றாக நிற்குமா?” என்று கேட்டது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அந்த வெட்டவெளி உவர்மண். அங்கே எது விழுந்தாலும் உப்பாகிவிடும். புல்லுக்குக் கூட அது தெரியும், அதனால்தான் அங்கே புல் முளைப்பதில்லை. காட்டில் பிறந்த எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் உடங்காட்டில் ஒரு வழக்கம் உண்டு. விருந்தாளியிடம் ‘இல்லை’ என்று சொல்ல மாட்டார்கள். வந்தவருக்குக் கொடுக்கத் தண்ணீரும் கிடையாது, தானியமும் கிடையாது. கொடுக்க ஒன்றுமில்லாத காட்டில் ‘இல்லை’ என்கிற சொல்லையாவது கொடுக்காமல் இருப்போம் என்று எந்தக் காலத்திலோ முடிவு செய்துவிட்டார்கள். ஏழைகளுக்கும் மரியாதை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

வேலப்பன் தலையை ஆட்டினார். பேச்சி ஆட்டினாள். முயல்கள் காது ஆட ஆட்டின. காத்தாயியும் ஆட்டினாள்.

“மிக நல்லது. மேகம் இரண்டு பாதியாக வரும். இது முதல் பாதி. ஆடியில் நான் வந்து பார்த்துவிட்டு, சரியாக இருந்தால் இரண்டாம் பாதியை இறக்குவேன். அதற்குள் குளத்தின் கரையை உயர்த்தத் தயாராக இருங்கள். மண்ணுக்கு அந்த மூலையில் புற்றுகள் இருக்கின்றனவே, அவற்றை இடித்துக்கொள்ளலாம். சம்மதம்தானே?”

மறுபடியும் எல்லாத் தலைகளும் ஆடின. காத்தாயியின் கழுத்தும் தானாக ஆடியது. ஆடி முடித்த பிறகுதான் எதற்கு ஆடியது என்று அவளுக்கு உறைத்தது. வாயைத் திறந்தாள். அதற்குள், மேகம் உருக ஆரம்பித்துவிட்டது என்று சொல்லி நாரை நூலை இழுக்கப் போய்விட்டது.

முதல் பாதி மேகம் அன்றைக்கே இறங்கியது. அப்பப்பா, அந்த அழகைச் சொல்லி மாளாது! மேகம் தரைக்கு மிக அருகில் வந்து, தாய்ப்பசு மடியைக் கொடுக்கிற மாதிரி தாழ்ந்து நின்றது. வெள்ளை வெள்ளையாக மழை. வெட்டவெளி நிறைந்து வானத்தைக் காட்டியது. முயல்கள் தங்கள் முகத்தைத் தாங்களே முதல் முறையாகத் தண்ணீரில் பார்த்து வெட்கப்பட்டன. பேச்சியின் குஞ்சுகள் கரையோரம் மிதந்த நுரையைத் துரத்தின. நாரை ஒரு காலில் நின்று அதையெல்லாம் பார்த்துவிட்டு, மனம் நிறைந்து பறந்து போனது.

நான்கு நாள் கழித்துத் தண்ணீர் கரித்தது. பத்து நாளில் குடித்தவர்களுக்கு வயிறு வலித்தது. ஒரு மாதத்தில் குளம் இருந்த இடத்தில் உப்புத்தான் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. வெயிலில் அது மின்னியபோது யாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

“உவர்மண்ணுன்னு நமக்குத் தெரியும்தானே அண்ணாச்சி?” என்று பேச்சி வேலப்பனிடம் கேட்டாள்.

“தெரியும்தான். விருந்தாளி மனசு நோகக் கூடாதுன்னு பார்த்தேன்.”

“இப்போ நம்ம வயிறு நோவுது.”

வேலப்பன் அதற்கும் தலையை ஆட்டினார்.

ஆடி மாதம் நெருங்கியது. நாரை வந்து பார்த்தால் என்ன ஆகும்? சரியில்லை என்று இரண்டாம் பாதி மேகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடும். கடன் மட்டும் தலையில் நிற்கும். என்ன செய்வது என்று காடு கூடிப் பேசியது. வேலப்பன் ஒரு யோசனை சொன்னார். பக்கத்துத் தோப்பில் கிளிகள் இருந்தன. அவற்றை ஒரு நாளைக்குக் கூப்பிட்டு, மொட்டை மரங்களில் நெருக்கமாக உட்கார வைப்பது. மேலே இருந்து பார்த்தால் காடு பச்சையாகத் தெரியும். உப்பின் மேல் செம்மண்ணைத் தூவிவிட்டு, தண்ணீரை மரங்கள் குடித்துவிட்டன என்று சொல்லலாம். நாரை சந்தோஷமாக இரண்டாம் பாதியை இறக்கிவிட்டுப் போகும்.

“அதே இடத்துலதானே இறக்கும்?” என்றாள் காத்தாயி.

வேலப்பன் தலையை மேலும் கீழும் ஆட்டினார்.

“மறுபடியும் உப்பாத்தானே போகும்? புற்றை எல்லாம் இடிச்சுக் கரை கட்டி, உப்பைச் சேர்த்து வைக்கப் போறோமா? உள்ளதைச் சொல்லிருவோம் அண்ணாச்சி.”

“ஏ காத்தாயி, நீ எதுக்குப் பேசுறன்னு எங்களுக்குத் தெரியும். உன் முட்டை அந்தப் புற்றுல இருக்கு. அதுக்காகக் காட்டுக்கு வர்ற மேகத்தையே கெடுக்கப் பார்க்கிற” என்றது ஒரு முயல்.

காத்தாயிக்குச் சுரீரென்றது. ஏனென்றால் அதில் உண்மை இருந்தது. இடிக்கப்போகிற புற்றில் என் முட்டை இல்லாவிட்டால் நான் பேசியிருப்பேனா? அவளுக்கே தெரியவில்லை.

அவள் கூட்டத்தை விட்டு விலகிப் புற்றுக்குப் போனாள். ஓட்டைக்குள் கையை விட்டாள். முட்டைகளைத் தாண்டி, இன்னும் ஆழமாக, தோள் வரை விட்டாள். நகத்தின் நுனி ஈரமாகியது. கரையான்கள் எங்கிருந்தோ ஈரமண்ணைக் கவ்விக்கொண்டு வரிசையாக ஏறி வந்தன. அவை குடிக்கிற தண்ணீர் அடியில் எங்கேயோ இருந்தது. அதனால்தான் இந்தக் கோடையிலும் புற்றுக்குள் இந்தக் குளுமை. அதனால்தான் அவளுடைய அம்மாவும் இங்கே முட்டை வைத்தாள். வெகுகாலத்துக்கு முன் பெய்த மழை இந்தச் சரிவில்தான் இறங்கி, இருட்டில் படுத்துக்கொண்டிருக்கிறது. அவள் கன்னத்தை மண்ணில் வைத்துக்கொண்டாள். கீழே யாரோ மெல்ல மூச்சு விடுவது போல இருந்தது.

என் முட்டை இங்கே இல்லாவிட்டாலும் இந்த ஈரம் இங்கேதான் இருக்கும் என்று காத்தாயி நினைத்தாள். அவளுக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. இனி வாயைத் திறக்கிற தைரியம்தான் வேண்டும்.

ஆடி பிறந்தது. நீலமேகம் இரண்டாம் பாதி மேகத்தை இழுத்துக்கொண்டு வந்தது. மேலே இருந்து பார்த்தபோது உடங்காடு பச்சைப் பசேல் என்று இருந்தது. ஒவ்வொரு கிளையிலும் கிளிகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. கிளிகள் பேசாமல் உட்காருவது எத்தனை கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். சில கிளிகளுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

“அடடா, எத்தனை இலை!” என்றது நாரை. செம்மண் தூவின தரையில் வந்து இறங்கியது. ஒரு காலில் நின்றது. பிறகு மறு காலுக்கு மாறியது. செம்மண்ணுக்கு அடியில் இருந்த உப்பு அதன் காலைக் கடித்தது. காத்தாயி அதைப் பார்த்துவிட்டாள். நாரையின் பார்வை ஒரு கணம் தரைக்குப் போய், உடனே ஓலைக்குத் திரும்பியது. அவருக்கும் தெரிந்துவிட்டது, தெரியாத மாதிரி இருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

“தண்ணீர் நன்றாக இருந்தது அல்லவா?” என்று நாரை ஓலையைப் பார்த்தபடியே கேட்டது.

எல்லாத் தலைகளும் ஆடின.

“கரை கட்டப் புற்றுகளை இன்றைக்கே இடித்துவிடலாம் அல்லவா?”

தலைகள் ஆடின. நாரை திருப்தியோடு மேகத்தின் நூலைக் கீழே இழுத்தது. மேகம் தாழ ஆரம்பித்தது. அதன் நிழல் வெட்டவெளியைத் தொட்டது.

காத்தாயி முன்னால் வந்தாள். சொன்னால் மேகம் போய்விடலாம். காடு முழுக்க அவளைச் சபிக்கலாம். சொல்லாவிட்டால் முட்டையும் போகும், மேகமும் உப்பாகும்.

“இல்லை” என்றாள்.

அந்தக் காட்டில் விருந்தாளியிடம் அப்படி ஒரு சொல்லை யாரும் சொன்னதில்லை. கிளிகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரே சமயத்தில் எல்லாக் கிளிகளும் கிளம்பின. காட்டின் இலையெல்லாம் கீச்சென்று கத்திக்கொண்டு வானத்தில் பறந்து போனது. மொட்டை மரங்கள் முள்ளும் சுள்ளியுமாக அப்படியே நின்றன.

யாருக்கும் எங்கே முகத்தை வைப்பது என்று தெரியவில்லை. வேலப்பனின் தலைகூட ஆடுவதை நிறுத்திவிட்டது.

“இல்லை ஐயா. இது உவர்மண். தண்ணி நிக்கல. முதல் பாதி வீணாப் போச்சு. எங்களுக்கு முன்னாடியே தெரியும். உங்க மனசு நோகக் கூடாதுன்னு தலையை ஆட்டினோம். நானும் ஆட்டினேன். என்னை மன்னிச்சிருங்க” என்றாள் காத்தாயி.

நாரை நீண்ட கழுத்தைச் சுருக்கிக்கொண்டு நின்றது. கோபப்படும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அது மெல்ல உட்கார்ந்தது.

“இருபது வருடமாக மேகம் இழுக்கிறேன் அம்மா. இதுவரைக்கும் யாரும் என்னிடம் ‘இல்லை’ என்று சொன்னதில்லை. எல்லோருக்கும் என்னைப் பிடித்துப் போயிற்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன்” என்றது. “மலையில் என்னிடம் எத்தனை மேகம் இறக்கினாய் என்று கேட்பார்கள். எத்தனை காடு இன்னும் ஈரமாக இருக்கிறது என்று கேட்டதில்லை. கேட்காததால் நானும் திரும்பிப் பார்க்கவில்லை. காலில் உப்புக் கடித்தது. கடிக்காத மாதிரி நின்றேன்.”

“அப்போ மேகத்தைத் திருப்பிக் கொண்டு போயிருவீங்களா?” என்றாள் பேச்சி. அவளுடைய குஞ்சுகள் அவள் இறக்கைக்குள் ஒண்டிக்கொண்டன.

நாரை காத்தாயி பக்கம் திரும்பியது. “இங்கே இல்லை என்றால், எங்கே?”

அந்தக் கேள்விக்காகத்தான் அவள் பிறந்ததிலிருந்து காத்திருந்தாளோ என்னவோ! காத்தாயி திரும்பி நடந்தாள். நாரை பின்னாலேயே நடந்தது. காடு முழுவதும் அதற்குப் பின்னால் நடந்தது. புற்றுச் சரிவுக்கு வந்ததும், “உங்க அலகை உள்ளே விடுங்க ஐயா. பார்த்து, முட்டை இருக்கு” என்றாள்.

நாரை தன் நீண்ட அலகை முட்டைகளுக்கு நடுவே கவனமாக இறக்கியது. வெளியே எடுத்தபோது நுனியில் ஈரமண் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் பேச்சி ஓவென்று அழுதுவிட்டாள்.

“இங்க குளம் வேண்டாம் ஐயா. மேகம் ஒரேயடியாக் கொட்டவும் வேண்டாம். பூந்தூறலா, பல நாள், இந்தச் சரிவு முழுக்க விழணும். நாங்க சின்னச் சின்னதாப் பிறை மாதிரிக் குழி பறிச்சு வரப்புக் கட்டி வைக்கிறோம். தண்ணி ஓடாம மண்ணுக்குள்ள இறங்கிரும். கீழே ஏற்கனவே ஆள் இருக்கு, பழைய மழை, அதுகூடச் சேர்ந்துக்கும்” என்றாள் காத்தாயி.

“ஓலையில் குளம் என்று இருக்கிறது. மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை” என்றது நாரை. பிறகு சற்று யோசித்தது. மேகத்தின் நூலைக் காலிலிருந்து அவிழ்த்து, புற்றுக்குப் பக்கத்தில் நின்ற உடைமரத்தில் கட்டியது. “மூன்று நாள் இது இங்கேயே நிற்கட்டும். நான் மலைக்குப் போய் வருகிறேன்.”

அந்த மூன்று நாளும் உடங்காடு கனவில் நடப்பது போல நடந்தது. தலைக்கு மேலே ஒரு மேகம் மரத்தில் கட்டிக் கிடந்தது. மாடு அசை போடுவது மாதிரி அது தன்னைத் தானே மென்றுகொண்டு நின்றது. கீழே எல்லோரும் மண்ணைப் பறித்தார்கள். முயல்கள் முன்னங்காலால் பறித்தன. கௌதாரிகள் கீறின. அன்றைக்குக் காத்தாயியைக் குற்றம் சொன்ன முயல்தான் முதல் வரப்பைக் கட்டியது. வேலப்பன் ஒவ்வொரு வரப்பாகப் போய்ப் பார்த்துத் தலையாட்டினார். அதைப் பார்த்தவர்களுக்கு உற்சாகம் வந்தது. பிறவிக் குணத்துக்கும் ஒரு பயன் இருக்கத்தான் செய்கிறது.

மூன்றாம் நாள் நாரை திரும்பி வந்தது. களைத்திருந்தது, ஆனால் கண் மின்னியது.

“பனி அதிகம் சேர்க்கிற பெரிய காட்டின் யானைகள் ஓலை ஓலைதான் என்று சொன்னார்கள். அவர்கள் முன்னால் யாரும் எதிர்த்துப் பேச மாட்டோம். நான் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது காத்தாயி அம்மாவை நினைத்துக்கொண்டேன். முதலில் பிளிறினார்கள். அப்புறம் அலகில் ஒட்டியிருந்த ஈரமண்ணைக் காட்டினேன். காது கொடுத்துக் கேட்டார்கள், சரிவில் இறக்கச் சம்மதித்தார்கள். வீணான முதல் பாதியில் சரிபாதி எங்கள் தவறு என்று எழுதி, அதைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். மீதி உங்கள் தவறு. அதை நீங்கள் திருப்ப வேண்டும்.”

“நியாயம்தான்” என்றார் வேலப்பன். அந்த ஒரு தடவை அவர் தலை ஆடாமலே வாய் பேசியது.

நாரை நூலை அவிழ்த்தது. மேகம் சரிவின் மேல் மெல்லப் படர்ந்தது. மழை என்று அதைச் சொல்ல முடியாது. காற்றே நனைந்து கீழே இறங்கியது. பதினோரு நாள் அப்படி இறங்கியது. வரப்புகள் குடித்தன. மண் குடித்தது. அடியில் படுத்திருந்த பழைய மழை, வந்த மழைக்கு இடம் விட்டு நகர்ந்து படுத்தது. பன்னிரண்டாம் நாள் மேகம் இருந்த இடத்தில் நூல் மட்டும் காற்றில் ஆடியது.

ஆவணியில் ஒரு காலை நேரம், காத்தாயி வயிற்றுக்கு அடியில் ஏதோ குறுகுறுத்தது. புற்றின் ஓட்டையில் ஒரு சின்ன மூக்கு தெரிந்தது. பிறகு இன்னொன்று. அவள் எண்ணினாள். பதினொன்று! பேச்சி அதைப் பார்த்துவிட்டுக் காடு முழுக்க ஓடிப்போய்ச் சொன்னாள்.

சரிவில் முதலில் புல் வந்தது. அடுத்த வருடம் ஆவாரை பூத்தது. மூன்றாம் வருடம் சரிவின் அடியில் ஒரு ஊற்று தானாகவே கண் திறந்தது. அன்றிலிருந்து ஆற்றங்கரை நரியிடம் யாரும் போகவில்லை. பிழைக்கப் போன முயல்கள் குட்டிகளோடு திரும்பி வந்தன. வேம்பும் புங்கமும் நிழல் கட்டின. ஏழு வருடம் முடிந்த பிறகு, ஒரு விடியலில் எல்லோரும் எழுந்து பார்த்தபோது காடே தெரியவில்லை. மரத்துக்கு மரம் பால் கட்டியது போலப் பனி தொங்கியது.

அன்றைக்கு நீலமேகம் வந்தது. வயதாகி, பறக்கும்போது ஒரு பக்கம் சாய்ந்தது. காலில் வெறும் நூல் இருந்தது.

“நம்ம பனி. இப்பத்தான் வந்திருக்கு. இதையும் குடுக்கணுமா?” என்று பேச்சி முணுமுணுத்தாள். யாருக்குத்தான் கொடுக்க மனம் வரும்? காத்தாயிக்கும் வரவில்லை. அவள் மரத்தில் ஏறி, கிளைக்குக் கிளை தொங்கிய பனியைப் பார்த்தாள். அன்றைக்குத் தன் முதுகில் விழுந்த அந்த முதல் நிழல் நினைவுக்கு வந்தது. அது எந்தக் காட்டின் விடியற்காலை என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. அங்கேயும் ஒருத்தி இப்படித்தான் மனமில்லாமல் கொடுத்திருப்பாள்.

அவளே நூலின் முனையைப் பனியில் கட்டினாள்.

பத்தில் ஒரு பங்கு பனி மெல்ல எழுந்து மலையைப் பார்த்துப் போனது. முதல் பாதிக்காக இன்னும் ஒரு பிடி. நாரையின் செலவுக்கு ஒரு சொட்டு.

“அம்மா, எனக்கு இறக்கை சரியில்லை. அடுத்த மேகம் தெற்கே ஒரு காய்ந்த காட்டுக்குப் போகிறது. எந்த இடத்தில் இறக்குவது என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும். மண்ணுக்குள் கை விட்டுப் பார்க்கத் தெரிந்த ஆள். நீங்கள் வருகிறீர்களா?” என்று கேட்டது நாரை.

காத்தாயி அந்த மேகத்தின் நூலைப் பிடித்துக்கொண்டு போனாள். தெற்குக் காடு பழைய உடங்காட்டைப் போலவே இருந்தது. வற்றின முகங்கள் சுற்றி நின்று அவளையும் அவள் பின்னால் அசைந்து வந்த மேகத்தையும் பார்த்தன. காத்தாயி கையில் ஓலை இல்லை. பள்ளமான ஒரு இடத்தைக் காட்டி, “இங்க தண்ணி நிக்குமா?” என்று கேட்டாள்.

எல்லாத் தலைகளும் ஆடின.

காத்தாயிக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. அவள் மேகத்தைப் பக்கத்து மரத்தில் கட்டிவிட்டு, தரையில் வயிறு ஒட்டப் படுத்துக்கொண்டாள். “எனக்கு அவசரம் இல்லை” என்றாள். ஒரு நாள் போயிற்று. இரண்டு நாள் போயிற்று. அவள் அவர்களோடு சேர்ந்து கிழங்கு தோண்டினாள், அவர்கள் பட்ட கஷ்டத்தைக் கேட்டாள், தன் காட்டின் உப்புக் குளத்தைப் பற்றிச் சொன்னாள். கிளிகள் பறந்த கதைக்கு எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூன்றாம் நாள் காலையில், கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு கிழட்டு முள்ளெலி தயங்கித் தயங்கி முன்னால் வந்தாள்.

“தப்பா நினைச்சுக்காதீங்க தாயி. அந்த இடத்துல தண்ணி நிக்காது” என்றாள்.

“அப்பாடா!” என்றாள் காத்தாயி. எழுந்து மேகத்தின் நூலை அவிழ்த்தாள். “வாங்க, எங்க நிக்கும்னு காட்டுங்க.”

கொடுக்க வருகிறவர் காது கொடுத்துக் கேட்டு, வாங்குகிறவர் அஞ்சாமல் உள்ளதைச் சொன்னால்தான், கடனாக வந்த மேகம் ஒரு காட்டின் வறுமையைத் தீர்த்து அடுத்த காட்டுக்கும் போய்ச் சேரும்.